ஈர மரமும் பதினெட்டு மீட்டரும்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. 'இன்னொருதடவை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முடித்த கணக்கைக் கையில் கொடுக்கிற நேரத்தில், "இருங்க, இன்னொரு தடவை பாத்துட்டுத் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். முதலில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், பிறகு தபால்காரர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் 'இன்னொருதடவை அக்கா' என்று மரியாதையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. கட்டடங்கள் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடுகிறவளுக்கு இதைவிட மோசமான பெயர்கள் வாய்த்திருக்கலாம் என்பாள்.

பத்தொன்பது வருஷம் அவள் போட்ட கணக்குகளின் அடியில் வேறொருவர் கையெழுத்து இருந்தது. அவர்தான் அலுவலகத்தின் சொந்தக்காரர், எல்லோருக்கும் 'பெரியவர்'. அவள் படித்தது ஒரு மொழியில், உரிமம் வாங்க எழுத வேண்டிய பரீட்சை இன்னொரு மொழியில். தெரிந்த விஷயத்தையே தெரியாத வார்த்தைகளில் கேட்டால் மூளை ஒரு கணம் நின்றுவிடும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே பதினாறு வருஷம் ஓட்டினாள். பிறகு எழுதி, இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை நாற்பத்தாறு வயதில் தேறினாள். உரிமத்தோடு அவள் பெயர் பொறித்த முத்திரையும் தபாலில் வந்தது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எல்லாம் குத்திப் பார்த்தாள். அவள் கணவர் தையல்காரர். வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல், "இந்தச் சட்டையிலயும் ஒண்ணு குத்து. கிழியாதுன்னு அரசாங்கமே சொன்ன மாதிரி இருக்கும்" என்றார்.

முத்திரை வந்தது, வேலை வரவில்லை. கையெழுத்துப் போடுகிற உரிமை இருந்தும் யாரும் அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து முதல் வேலை குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது.

கணவரின் தம்பி கரையோரத்தில் படகு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மரப்படகு கட்டுவான், பழுது பார்ப்பான். ஆனால் கடலில் அரை மணி நேரம் போனால் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். அதனாலேயே வீட்டில் அவனுக்கு 'கேப்டன்' என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணி, எனக்கு ஒரு கொட்டகை வேணும். நடுவுல ஒரு தூண்கூட இருக்கக் கூடாது."

"எவ்வளவு அகலம்?"

"பதினெட்டு மீட்டர். ரெண்டு படகு பக்கத்துல பக்கத்துல நிக்கணும். சுத்தி ஆளு நடக்கணும்."

"இரும்புல போடேன், ஊர்ல எல்லாரும் போடுற மாதிரி."

"இப்ப இருக்கிறது இரும்புதானே? உப்புக்காத்து தின்னுட்டு எலும்ப மட்டும் விட்டு வச்சிருக்கு. கையால தட்டுனா உதிருது. மரத்த அது ஒண்ணும் பண்றதில்ல அண்ணி. அப்புறம், என்கிட்ட இருக்கிறவங்க பதினோரு பேரும் மரவேலைக்காரங்க. அவங்கள வெல்டிங் பண்ணச் சொன்னா கொட்டகையோட சேத்து என்னையும் கொளுத்திருவாங்க."

"மரத்துல பதினெட்டு மீட்டரா?" என்று அண்ணன்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

"படகு பதினஞ்சு மீட்டர் கட்டுறோம்ல? அத கவுத்துப் போட்டா கூரை" என்றான் கேப்டன்.

"அது தண்ணி மேல படுத்திருக்கு. இது காத்துல நிக்கணும்" என்றாள் அவள். ஆனால் சொல்லும்போதே மனதுக்குள் முக்கோணங்கள் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. துறைமுகத்துக்காரர்கள் பயணிகள் படகு இரண்டைப் பழுதுபார்க்கக் கேப்டனிடம் கொடுப்பதாக இருந்தார்கள். முதல் படகு நாலு மாதம் கழித்து ஒன்றாம் தேதி கரையேறும். அப்போது மழைக்காலம் தொடங்கிவிடும், அதனால் கூரை இருக்கிற இடத்தில்தான் வேலை நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூரை இல்லையென்றால் வேலை அக்கரைப் பட்டறைக்குப் போய்விடும். அதோடு இன்னொன்றும் கேட்டான்: இஞ்சினைத் தூக்குவதற்கு நடுக்கூரையில் இரண்டு டன் செயின் பிளாக் மாட்ட வசதி வேண்டும்.

அவள் இரண்டு மாதம் அந்தக் கூரையோடு குடித்தனம் நடத்தினாள். கூரையைத் தாங்க ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஏழு ட்ரஸ், அதாவது மரச்சட்டங்களாலான முக்கோணம். ஒவ்வொன்றும் நடுவில் மூன்று மீட்டர் உயரம். கூரையின் பாரம் மேல்சட்டங்களை அழுத்தும். மேல்சட்டங்கள் சுவரை இரண்டு பக்கமும் தள்ளப் பார்க்கும். அதைத் தள்ளவிடாமல் கீழ்ச்சட்டம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பு ஏழு டன். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒற்றை மரம் கிடையாது என்பதால் கீழ்ச்சட்டத்தை மூன்று துண்டாக, இரண்டு இடத்தில் மூட்டுப் போட்டு இணைக்க வேண்டியிருந்தது. மூட்டின் இரண்டு பக்கமும் துத்தநாகம் பூசிய இரும்புப் பிளேட் வைத்து, மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு வரிசையில் போல்ட். மற்ற மூட்டுகளிலெல்லாம் மரத்துக்கு நடுவில் மரம் செருகி ஒற்றைப் பெரிய போல்ட்தான். ஆக, பிளேட் வைத்த மூட்டு ஏழு ட்ரஸ்ஸில் பதினான்கு. அந்தப் பதினான்கையும் மூன்று முறை கணக்குப் போட்டாள். நாலாவது முறை போட்டபோது அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், "விடை மாறிடுச்சான்னு சொல்லுங்க, லாட்டரி சீட்டு வாங்கணும்" என்றார்.

வரைபடத்தின் கடைசித் தாளில் பதினேழு குறிப்புகள் எழுதினாள். நாலாவது குறிப்பு: 'மரத்தின் ஈரம் பதினெட்டு சதவீதத்துக்கு மேற்படக் கூடாது.' அவளுடைய கணக்கு முழுக்கக் காய்ந்த மரத்துக்கான கணக்கு. பதினோராவது குறிப்பை, தாளை அனுப்புகிற அன்றைக்குச் சேர்த்தாள். ஏதோ ஒரு கிடங்கில் சட்டம் ஒன்று நீளவாக்கில் பிளந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். 'மரத்தில் வெடிப்பு விழாமல் கட்டாயம் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டாள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டாள். பெரியவர் வந்து எட்டிப் பார்த்து, "உன் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருக்கே" என்றார். பத்தொன்பது வருஷம் பார்த்த ஒரே கையெழுத்து அதுதானே.

*

சனிக்கிழமை கிரேன் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை அவள் பட்டறைக்குப் போனாள். வேலை தொடங்கிய ஐந்து வாரத்தில் அதுதான் முதல் தடவை. கேப்டன் வாராவாரம் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தான். அளவுகளும் சரியாக வந்துகொண்டிருந்தன.

ஏழு ட்ரஸ்ஸும் மணலில் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே நனைந்த சாக்குகள். கேப்டனின் மேஸ்திரி ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதை நெருங்குகிற ஒல்லி மனிதர். முப்பத்தைந்து வருஷமாகப் படகு கட்டுகிறவர். அவளைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க இஞ்சினியரம்மா. ஏழையும் சுத்தி வாங்க. ஒரே ஒரு வெடிப்பு காட்டுங்க பாப்போம். காட்டிட்டா மீசைய எடுத்துடுறேன்."

அவள் ஒரு சாக்கை விலக்கினாள். வெடிப்பே இல்லை. இழைத்த முகம் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு போல்ட்டும் நூல் பிடித்த வரிசையில் இருந்தது. ஆனால் மரம் கறுப்பாக இருந்தது.

"ஏன் மேஸ்திரி, இங்க மழை பெஞ்சுதா?"

"மழையா? நாந்தான் பெய்யுறேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்ல. வீட்டுல செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த ஆளில்ல, மரக்கட்டைக்குப் போய் ஊத்துறீங்களேன்னு என் சம்சாரம் கத்துறா."

அவள் பையிலிருந்து ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் கீழ்ச்சட்டத்தில் அழுத்தினாள். முப்பத்தொன்று. அடுத்த ட்ரஸ்ஸில் இருபத்தொன்பது. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, பட்டறைக் கதவின் பழைய பலகையில் குத்திப் பார்த்தாள். பதினாலு. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சா?"

"சேச்சே. வாங்கும்போது நல்லா காஞ்சு, தட்டுனா கணீர்னு இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. இத இப்படியே அறுத்தா வெடிக்காம என்ன செய்யும்? அதான் எல்லாத்தையும் குளத்துல எறக்கி மூணு வாரம் ஊறவச்சோம். அப்புறம் எடுத்து அறுத்து, சாக்கு போட்டு..."

"மேஸ்திரி, காஞ்ச மரம்தான் வேணும்னு எழுதியிருந்தேனே."

"எங்கம்மா?"

அவர் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த வரைபடத்தைப் பத்திரமாக எடுத்து வந்தார். அவள் நாலாவது குறிப்பைக் காட்டினாள். "ஆமா, வாங்குற மரத்துக்குத்தானே இது? அப்படியே பாத்துத்தான் வாங்கினோம்" என்றார் அவர். பிறகு அவருடைய விரல் நேராகப் பதினொன்றுக்குப் போயிற்று. சிவப்புக் கோடு. "இதோ, கட்டாயம்னு கோடு வேற போட்டிருக்கீங்க. தண்ணி ஊத்தாம மரத்த எப்படிம்மா வெடிப்பு விடாம வைக்கிறது?"

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். படகுக்கு மரம் ஈரமாகத்தான் இருக்க வேண்டும். காய்ந்தால் பலகைக்குப் பலகை இடைவெளி விடும். தண்ணீரில் இறக்கினால் உப்பி, இடைவெளி அடைபட்டு, படகு ஒழுகாமல் நிற்கும். முப்பத்தைந்து வருஷம் அதைச் செய்தவரிடம் வெடிப்பு விடாமல் பார்த்துக்கொள் என்றால் அவர் வேறு என்ன செய்வார்? அவர் அதற்கு மேலேயே செய்திருந்தார்.

கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்று பெரியவருக்கு போன் போட்டாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நாலாவது குறிப்புல ஈரம் எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் சார்."

"எவ்வளவுன்னு நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? தப்பு அவங்களோடது. ஒரு கடிதம் எழுதி அனுப்பிடு. நாளைக்கு ஏதாவது ஆனாலும் உன் பேருக்கு ஒண்ணும் வராது."

அது உண்மைதான். கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து வருகிறவர் வரைபடத்தைப் பார்ப்பார், அளவு நாடாவைப் பிடித்துப் பார்ப்பார்; மரத்தில் ஊசி குத்திப் பார்க்க மாட்டார். காகிதத்தில் அவள் சுத்தம். அவள் போனைப் பைக்குள் போட்டாள். பதினொரு பேர் அந்தக் கூரைக்குக் கீழே தினமும் எட்டு மணி நேரம் குனிந்து வேலை செய்யப்போகிறார்கள். கடிதம் அவர்களுக்குக் குடை பிடிக்காது.

கேப்டன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வேலைக்காரர்களும் விஷயம் தெரிந்து சுற்றி வந்து நின்றார்கள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? நான்தானே கடல்ல போய்ட்டு வந்தா இப்படி இருப்பேன்?"

"சனிக்கிழமை கிரேன் வேண்டாம்னு சொல்லிடு. இத இப்படியே தூக்கக் கூடாது."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் ஈரத்தைச் சொன்னாள்.

"மேல போனா தன்னால காஞ்சுடும்ல?"

"காயும். காஞ்சா சுருங்கும். இந்த அகலத்துக்கு அரை சென்டிமீட்டர் குறையும். மரம் சுருங்கும், பிளேட் சுருங்காது. மேல் வரிசை போல்ட்டையும் கீழ் வரிசை போல்ட்டையும் பிளேட் அசையவிடாம புடிச்சு வச்சிருக்கும். நடுவுல மாட்டுன மரம் எங்க போகும்? போல்ட் வரிசையோடயே நீளமா பிளந்துக்கும்."

"எப்போ?"

"மூணு மாசத்துல வரலாம், ஆறு மாசத்துல வரலாம்."

"பிளந்தா?"

"பத்துல நாலு பங்கு பலம்தான் நிக்கும்னு புஸ்தகத்துல இருக்கு. அத நம்பி நான் யாரையும் கீழ நிக்கச் சொல்ல மாட்டேன்."

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். "ஒண்ணாந்தேதி படகு வருது. இன்னும் பன்னெண்டு நாள். தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இது யாரு பண்ண தப்பு? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. கையில் வரைபடம் இருந்தது; நாலாவது குறிப்பும் அதில்தான் இருந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும்.

"என் தப்பு" என்றாள் அவள். "வெடிக்கக் கூடாதுன்னு எழுதுனேன். எப்படின்னு எழுதல. வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கணும், பேசல. அஞ்சு வாரமா ஆபீஸ்ல உக்காந்து போட்ட கணக்கையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். மரத்த வந்து பாக்கல."

கேப்டன், "கூரை இல்லன்னா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றான், சத்தம் இறங்கின குரலில்.

"எனக்கு ரெண்டு நாள் குடு. வழி இருக்கான்னு பாக்குறேன். இல்லன்னா அக்கரைக்காரங்ககிட்டயே போகட்டும்."

அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் ஒரு கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். தம்பி ஏற்கெனவே போனில் புலம்பித் தீர்த்திருந்தான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"என்னதான் பிரச்சினை? அவன் சொன்னதுல அழுகைதான் புரிஞ்சுது, விஷயம் புரியல."

அவள் மறுபடி சொன்னாள். அவர் கையிலிருந்த கோட்டைத் தூக்கிக் காட்டினார். முதுகுப் பக்கம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"இதே கதைதான். மேல்துணிய நனைக்காம தச்சிருக்கான் எவனோ. ஒரு தடவை தண்ணில விழுந்ததும் துணி சுருங்கிடுச்சு, உள்ள இருக்கிற லைனிங் சுருங்கல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்குது. உன் மரம் சட்டுனு கிழியும், என் துணி கொஞ்சம் பொறுமையா கிழியும். அவ்வளவுதான்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"பிரிச்சுத் திரும்பத் தைப்பேன். திட்டிக்கிட்டே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு.

மறுநாள் காலை அலுவலகத்தில் தடித்த விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். ஈர மரத்துக்கான அட்டவணை எங்கே என்று தெரியும்; பரீட்சைக்கு அதை மனப்பாடமே செய்திருந்தாள். பத்துக்கு நாலு என்ற எண்ணும் அங்கேதான். அட்டவணையின் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. பரீட்சையில் யாரும் கேட்காத பத்தி. அதை இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிப் படித்தாள். இரண்டு வரிசை போல்ட்டையும் ஒரே பிளேட் பிடித்தால்தான் பலத்தில் இந்தக் கழிவு. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிப் பிளேட் இருந்தால் கழிவு இல்லை.

கைவிரல்களை மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். ஒரே பிளேட்டை நீளவாக்கில் நடுவில் அறுத்து இரண்டு பட்டையாக்கினால், மேல் பட்டை மேல் வரிசையோடு போகும், கீழ்ப் பட்டை கீழ் வரிசையோடு போகும். மரம் சுருங்கும்போது பட்டைகள் ஒன்றை ஒன்று நெருங்கும், அவ்வளவுதான். இழுப்பைத் தாங்குகிற இரும்பு அறுத்த பிறகும் ஏறக்குறைய அதே இரும்பு. அறுவையில் போகிற மூன்று மில்லிமீட்டரைக் கழித்துப் பார்த்தாள். போதும். பிறகு மற்ற மூட்டுகள், ஈர மரத்தின் குறைந்த பலத்துக்கு. கூரைத்தகடும் காற்றும் மட்டும் என்றால் நின்றது. செயின் பிளாக்கின் இரண்டு டன்னைச் சேர்த்தால் நிற்கவில்லை. இன்னொரு முறை போட்டாள். அப்போதும் அப்படியேதான் வந்தது. நடுவில் கூரை கொஞ்சம் அதிகமாகத் தொய்யும். அது கண்ணுக்கு அசிங்கம், உயிருக்கு ஆபத்தில்லை.

பழைய தாளின் நாலாவது, பதினோராவது குறிப்புகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுதி முடித்து அதைத் தபாலில் அனுப்பவில்லை. மத்தியான பஸ் பிடித்து நேரே பட்டறைக்குப் போனாள்.

மேஸ்திரி கேட்டதும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணா இருக்கிறத ரெண்டா அறுத்தா அது எப்படிம்மா பலமாகும்? என்னைய முட்டாள்னு நெனச்சாலும் பரவாயில்ல, எனக்கு மண்டைல ஏறல."

"உங்க படகுல பக்கத்துப் பக்கத்துப் பலகைய ஏன் ஒண்ணா ஒட்டி விடுறதில்ல?"

"ஒட்டுனா எப்படி? ஒவ்வொண்ணும் உப்பும், வத்தும். அதது அது பாட்டுக்கு நகரணும். ஒட்டி வச்சா எங்கயாவது பிச்சுக்கும்." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு பிளேட்டைப் பார்த்தார். "ஓ" என்றார். "அப்ப நேத்தே இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து எனக்கே தெரியாதே."

"சரி. நேத்து நீங்க எம்பேரச் சொல்லியிருந்தா நான் வேலைய விட்டுப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் ஏதாவது பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்தவர் போல வேகமாக ஸ்பானர் பெட்டியை எடுக்கப் போனார்.

கேப்டன் வந்தான். செயின் பிளாக் கிடையாது என்று தெரிந்ததும் குதித்தான்.

"இஞ்சின நான் என்ன மந்திரம் போட்டா தூக்குவேன்?"

"வெளிய மூணு மரம் நட்டு முக்காலி கட்டித் தூக்கு. இத்தனை வருஷம் அப்படித்தானே தூக்குன?"

"எவ்வளவு நாளைக்கு?"

"மரம் பதினெட்டுக்கு வர்ற வரைக்கும். ஒரு வருஷம்னு வச்சுக்கோ."

"அண்ணி, நீங்க கூரை போடுறீங்களா, எனக்குப் பத்தியம் போடுறீங்களா?"

ஆனாலும் கிரேன்காரனிடம் பேசி அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இருநூற்று இருபத்துநாலு போல்ட்டைக் கழற்றினார்கள். இருபத்தெட்டுப் பிளேட்டைப் பக்கத்திலிருந்த இஞ்சின் மெக்கானிக் ஒருவர் கட்டர் வைத்து அறுத்தார். இரண்டு நாள் அந்தப் பக்கம் யாரும் பேசிக்கொள்ள முடியவில்லை. அறுத்த விளிம்புகளுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடித்து, ஐம்பத்தாறு பட்டைகளையும் மாட்டினார்கள். அவள் லீவு போட்டுவிட்டு தினமும் வந்து நின்றாள். வேலைக்காரர்கள் கேலி செய்து அலுத்து, கடைசியில் அவள் கையில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை ஏழு ட்ரஸ்ஸும் ஏறின. ஒன்றாம் தேதி படகு வந்தபோது பாதிக் கூரைக்குத்தான் தகடு போட்டிருந்தது. படகைப் பாதிக்குள் இழுத்துவிட்டு மீதிப் பாதியில் தகடு அடித்தார்கள். மூன்றாம் தேதி மழை பிடித்துக்கொண்டது.

*

ஆறு வாரம் கழித்து முதல் முறையாக நட்டுகளை இறுக்க வேண்டிய நாள் வந்தது. மரம் கனத்திலும் சுருங்கும் என்பதால் போல்ட் தளரும். அதைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும் என்று புதிய குறிப்பில் எழுதியிருந்தாள். கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்கிற கடைசிச் சான்றில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதுவரை கேப்டனுக்குக் கிடைத்திருந்தது இரண்டு மாதத் தற்காலிக அனுமதிதான். அதில் இன்னும் பதினைந்து நாள் பாக்கி.

அவள் போனபோது மேஸ்திரி முதல் நாளே எல்லாவற்றையும் இறுக்கி முடித்திருந்தார். ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் சாக்பீஸால் எழுதியிருந்தார்: அரைச்சுத்து, முக்கால், அரை, முக்கால். நாலாவது ட்ரஸ்ஸின் இடது மூட்டில் மட்டும் ஒரு பெரிய சுழியம்.

"அதப் பாத்துட்டு எறங்கி வாங்க, தனியா சொல்றேன்" என்றார் அவளைச் சாரத்தில் ஏற்றிவிட்டு, தானும் பின்னாலேயே ஏறியபடி. எறங்கி வரச் சொன்னவரே மேலே வந்துவிட்டார். அவ்வளவு நேரம் அவரால் பொறுக்க முடியவில்லை. "எல்லாம் சுத்துச்சு. இதுல பாதி நட்டு ஒரு மயிரளவுகூட அசையல. கல்லு மாதிரி இறுக்கமா இருக்கு."

"இறுக்கமா இருந்தா நல்லதுதானே?"

"நல்லதா? பக்கத்து மரம் சுருங்குது, இது மட்டும் சுருங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா? எனக்கு நேத்து சோறு எறங்கல."

அவள் ஊசி குத்தினாள். இருபத்திரண்டு; மற்றவற்றைப் போலவேதான் காய்ந்திருந்தது. பட்டைகளுக்கு நடுவில் அறுத்த இடைவெளி மூன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு நெருங்கியிருந்தது. வெடிப்பு இல்லை. இது நடக்க வேண்டியபடிதான் நடந்துகொண்டிருந்தது. நட்டுக்கு அடியில் இருந்த வாசரை விரலால் தொட்டாள். அது சுற்றியது. நட்டு கல்லு மாதிரி இருக்க, அதன் அடியில் வாசர் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள். போல்ட்டில் மறை, அதாவது நட்டு ஏறுகிற திருகுவரி, முடிந்துபோயிருந்தது. நட்டு மறையின் கடைசிக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு பலமாகத் திருகினாலும் இரும்பு இரும்போடு முட்டுமே தவிர மரத்தைப் பிடிக்காது.

"அடப்பாவி" என்றார் மேஸ்திரி நட்டைப் பார்த்து. "நல்லவன் மாதிரி நடிச்சிருக்கு."

ஒன்றைக் கழற்றி, இரண்டு வாசர் கூடுதலாகப் போட்டுத் திருகினார். முக்கால் சுற்று போய்ப் பிடித்தது. பட்டை மரத்தோடு ஒட்டியது. அந்த மூட்டின் மீதி நட்டுகளையும் அப்படியே செய்தார். அவள் கணக்கில் எதுவும் பிசகவில்லை. போல்ட் நீளம்தான் ஊறிப்போன மரத்தின் கனத்துக்கு வாங்கினது. ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. சாரத்தின் பலகையில் உட்கார்ந்து பையைத் திறந்து, சான்றையும் பேனாவையும் எடுத்தாள். கீழேயிருந்து கேப்டன் பார்த்துவிட்டு, "ஆஹா, போடுங்க அண்ணி, போடுங்க" என்று கத்தினான்.

"நீங்க சும்மா இருங்க மொதலாளி" என்று மேஸ்திரி கீழே பார்த்து அதட்டினார். பிறகு அவளிடம் திரும்பி, "என்னம்மா அவசரம்? இன்னும் பதிமூணு மூட்டு இருக்கு. நேத்து நான் திருகுன திருகுல அதுங்களுக்கும் மறை முடிஞ்சிருந்தா? எனக்கு எல்லாத்துலயும் வாசரத் தொட்டுப் பாக்கணும்" என்றார்.

அவள் பேனாவை மூடினாள். சாரத்தை நகர்த்த ஆட்களைக் கூப்பிட்டார்கள். அன்று மாலைக்குள் ஒன்பது மூட்டு ஆயிற்று. அவற்றில் மூன்றில் மறை முடிந்திருந்தது. மறுநாள் மீதி நாலு, அதில் ஒன்று. ஐந்து மூட்டுக்கும் வாசர் போட்டு முடித்து, மத்தியானம் படகின் நிழலில் ஒரு பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். கேப்டன் வாங்கிப் படித்தான். கடைசி வரியில் அவன் விரல் நின்றது.

"செயின் பிளாக் மாட்டக் கூடாதுன்னு இன்னும் இருக்கே?"

"ஈரம் இருபத்திரண்டுக்குத்தானே வந்திருக்கு, பதினெட்டு ஆகலையே?" என்றார் மேஸ்திரி, அவள் வாய் திறப்பதற்குள்.